வில்லன் பேசி முடிக்கட்டும்: சிறுவர் கதைப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நடுவர்கள் அனைவருக்கும்,

இவ்வாண்டுச் சிறுவர் கதைப் போட்டியின் விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். சூப்பர் ஹீரோ, வில்லன் ஆகியோரை மையமாகக் கொண்ட கதைகளும் படக்கதைகளும் நற்பண்பை வளர்க்காதவை. ஆகவே அவை ஏற்கப்பட மாட்டா என்கிறது அந்த விதி. பிள்ளைகள் எழுதி முடித்துக் கொடுத்த பிறகுதான் அது எங்கள் கைக்கு வந்தது. அதைக் காரணம் காட்டி, என் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புப் பிள்ளைகளின் கதைகளை, மேலட்டையில் சிவப்பு மையால் 'தகுதியற்றது' என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அதே வாரத்தில் மண்டப நூலகத்தின் காமிக்ஸ் அலமாரிக்கும் பூட்டு விழுந்தது. சாவியைக் கேட்டால், "குழுவைக் கேளுங்கள்" என்கிறார் மண்டபக் காவலர். உங்களுக்குத் தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. அதனால் ஊரறியக் கேட்கிறேன்.

திருப்பி அனுப்பிய கதைகளை நீங்கள் படித்தீர்களா?

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அதில் வில்லன் பெயர் குலைவேந்தன். செம்பனை மரங்களை நடக்க வைக்கும் சக்தி அவனுக்கு உண்டு. தோட்டம் கைமாறிவிட்டது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடிக்க புல்டோசர் வருகிறது. குலைவேந்தன் மரங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போய்ச் சாலையை மறிக்கிறான். அது குற்றம். அவனைப் பிடிக்கத் தலைநகரிலிருந்து மின்னல் மாறன் பறந்து வருகிறான். மாறனுடைய ஒரு குத்துக்கு மலை பிளக்கும். குலைவேந்தன் தாங்க மாட்டான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது.

காமிக்ஸ் படிக்கிற எவருக்கும் ஒரு சங்கதி தெரியும். வில்லன் வெல்லப் போகும் நேரத்தில் நின்று நிதானமாகத் தன் திட்டம் முழுவதையும் சொல்லுவான். அவன் பேசுகிற நேரத்தில் ஹீரோ கட்டை அவிழ்த்துக்கொண்டு தப்பிவிடுவான். இந்தப் பிள்ளை அந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். குலைவேந்தன் காமிக்ஸ் படித்தவன். "நான் பேசி முடிக்கும் வரை நீ என்னை அடிக்கக் கூடாது. அதுதான் முறை" என்கிறான். மாறன் முறை தவறாதவன். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு காத்திருக்கிறான். குலைவேந்தன் பேசத் தொடங்குகிறான். பாட்டனார் கப்பலேறிய கதை, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஆண்டு, பிறகு லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக: இந்த வீட்டில் யார் பிறந்தார், அந்த வீட்டு முருங்கையை யார் வைத்தார். பேச்சுக் குமிழ் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வழிந்து, பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும், எறும்பளவு உருவங்களாக, சனங்கள் சாமி படத்தையும் தையல் இயந்திரத்தையும் கோழிக்கூட்டையும் லாரியில் ஏற்றுகிறார்கள். மாறன் முதலில் விறைப்பாக நிற்கிறான். பிறகு கால் மாற்றி நிற்கிறான். பிறகு கவிழ்த்து வைத்த பால் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிடுகிறான். கடைசி வீடு காலியானதும் குலைவேந்தன், "முடித்துவிட்டேன்" என்று சொல்லி இரண்டு கைகளையும் நீட்டுகிறான். மாறன் அவனை அடிக்கவில்லை. காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறான். பறக்கத் தெரிந்தவன் நடந்தே போகிறான், நான்காவது வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது என்று.

இந்தக் கதையின் ஓரத்தில் நடுவர் ஒருவர், "சட்டத்தை மீறுபவனைப் புகழ்கிறது" என்று குறித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் குலைவேந்தன் கையில் விலங்கு இருக்கிறது. அந்தப் பக்கம் வரை வந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். பதினொரு, பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை, செய்தது குற்றம், ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை என்ற இரண்டையும் ஒரே கதைக்குள் நிறுத்தியிருக்கிறாள். பெரியவர்கள் நாம் ஊர்க்கூட்டத்தில் இதைச் செய்யத் திணறுகிறோம்.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனின் படக்கதையும் திரும்பி வந்தது. ஹீரோவின் ரகசிய அடையாளம் என்பது சூப்பர் ஹீரோ கதைகளின் பழைய அச்சாணி. முகமூடிக்குள் இருப்பது யார் என்று எவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் குடும்பத்துக்கு ஆபத்து. இவன் அந்த ஹீரோவை லயத்தில் குடிவைத்தான். பழைய லயத்து வீடுகளில் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது, இந்த வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும் என்று இவன் பாட்டி சொல்லியிருக்கிறார். அங்கே ரகசியம் எப்படித் தங்கும்? கதையில் அது எல்லோருக்கும் தெரியும். பாட்டி முகமூடியைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறார். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார்கள். வில்லன் வந்து வீடு வீடாக, "யார் அவன்?" என்று கேட்கிறான். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்: "தெரியாதுங்க." தனி மனிதன் ஒருவன் சுமக்கிற ரகசியத்தை ஒரு லயமே சுமப்பதாக மாற்றிய கற்பனை அவனுடையது. நான் சொல்லித் தந்ததில்லை.

அதே கதையில் ஒலிகளைக் கவனியுங்கள். 'டமால்', 'படார்' என்று எழுதினால் போதும் என்று அவன் நினைக்கவில்லை. செம்பனைக் குலை காய்ந்த தரையில் விழுந்தால் ஒரு சத்தம், மழைக்குப் பின் சேற்றில் விழுந்தால் வேறு சத்தம் என்று, குலை அறுக்கும் தன் அப்பாவிடம் கேட்டு எழுதியிருக்கிறான். ஹீரோ தரையில் குதிக்கும் கட்டங்களில் அந்த இரண்டு ஒலிகளும் இடமறிந்து வருகின்றன. இப்படி உற்றுக் கேட்டு எழுதுவதைத்தானே தமிழாசிரியர்கள் காலங்காலமாகக் கெஞ்சிக் கேட்கிறோம்?

இந்தப் பிள்ளைகள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஈப்போவுக்கு வடக்கே, சுற்றிலும் செம்பனை நிற்கும் இந்தப் பட்டணத்தில், தோட்டங்களிலிருந்து வெளியேறி மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் சிலரின் பிள்ளைகள். கட்டுரை எழுதச் சொன்னால் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்கள். தன்கதை எழுதச் சொன்னால், 'நான் ஒரு பேனா' என்று தொடங்கி, கடையில் தொங்கி, ஒரு மாணவன் கைக்குப் போய், மை தீர்ந்து குப்பைத் தொட்டியில் கிடப்பதோடு முடிப்பார்கள். குடையும் காலணியும் புத்தகப்பையும் அப்படியே. அந்தத் தன்கதைகளுக்கு நீங்கள் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கிறீர்கள். பேனா பேசலாம், குடை பேசலாம், ஒரு தப்புச் செய்த மனிதன் மட்டும் பேசக் கூடாது என்பது என்ன நியாயம்? வாய் இல்லாத பொருளுக்குக் குரல் கொடுக்கப் பழகிய பிள்ளை, வாய் அடைக்கப்பட்டவனுக்குக் குரல் கொடுப்பது அதற்கு அடுத்த படி. அந்தப் படியில் ஏறிய பிள்ளைகளைக் கீழே இறங்கச் சொல்கிறீர்கள்.

சூப்பர் ஹீரோ கதை வெளிநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்று உங்களுள் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். அந்தச் சரக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இருவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். 1933இல் அவர்கள் தாங்களே நடத்திய சிறு இதழில் வெளியிட்ட முதல் சூப்பர்மேன், வழுக்கைத் தலையோடு வந்த ஒரு வில்லன். 1938இல்தான் அவன் நாம் அறிந்த ஹீரோவாக வெளிவந்தான். உரிமையை அவர்கள் விற்ற விலை 130 டாலர். அதே சீகல், 1960களில் பிரிட்டனின் லயன் வார இதழுக்காக, குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் துடித்துப் பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடும் ஸ்பைடர் என்ற பாத்திரத்தின் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதினார். அந்தக் கூர்மண்டை ஸ்பைடர் சிவகாசியிலிருந்து 1984இல் தொடங்கிய தமிழ் லயன் காமிக்ஸ் வழியாக நம்மவர் வீடுகளுக்கும் வந்தான். ஹீரோவும் வில்லனும் ஒரே பேனாவிலிருந்து வந்தவர்கள். ஒருவனுக்குள் மற்றவன் இருக்கிறான் என்பதே இந்தக் கதைகளின் உயிர்.

இரும்புக்கை மாயாவியை உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன என் சித்தப்பா, தமிழ்நாடு போய்வந்த உறவினரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்த இதழ்கள்தான் இன்று பூட்டிக் கிடக்கும் அலமாரியின் மேல் தட்டில் இருப்பவை. அந்த மாயாவி யார்? விபத்தில் கையை இழந்தவன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் சக்தியைப் பெற்றவன். அந்தச் சக்தியை அவன் முதலில் குற்றத்துக்குத்தான் பயன்படுத்துகிறான்; அரசாங்க உளவாளி ஆவது பிறகு. நாலு மணிக்கு எழுந்து, தலை விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், மதியம் திரும்பிக் குளித்துவிட்டு அதைப் படித்த என் சித்தப்பா எந்தக் குற்றத்திலும் இறங்கவில்லை. அவர் கற்றுக்கொண்டது தமிழ் வாசிப்பை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், தோட்டத்தில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது அந்த இதழ்களைப் படித்துத்தான்.

நம் மலேசியாவிலும் இந்த விளையாட்டு புதிதில்லை. 1998இல் தொலைக்காட்சியில் தொடங்கிய கெலுவாங் மேன் கேலிச்சித்திரத் தொடரை இன்றைய பெற்றோர்கள் சிறுவயதில் பார்த்திருப்பார்கள். அதன் ஹீரோ, ஜொகூர் தம்போய் மனநல மருத்துவமனையின் நோயாளி. இரவில் வெளியே வந்து ஊரைக் காப்பான். விடியுமுன் வார்டுக்குத் திரும்புவான். இன்றைய பிள்ளைகள் பார்க்கும் போபோய்போய் தொடரில் சிறுவன் இருப்பது தாத்தாவின் கொக்கோ கடையில். வில்லன் வேற்றுக்கிரகத்திலிருந்து தேடி வருவதும் கொக்கோவைத்தான். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் தங்கள் மொழியில், தங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், சூப்பர் ஹீரோவை வாழவிடும்போது, தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் தங்கள் லயத்தில் ஒருவனைக் குடிவைக்கக் கூடாது என்கிறீர்கள்.

தடை போட்டவர்களில் நீங்கள் முதல் ஆட்களும் இல்லை. 1954இல் அமெரிக்காவில், பிரடெரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு நூல் எழுதினார். ஏழைப் பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைத்தவர் அவர்; உங்கள் அக்கறையைப் போன்றதுதான் அவருடையதும். நாடாளுமன்ற மேலவைக் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்து, அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு கதையிலும் நன்மை தீமையை வென்றே ஆக வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும், போலீஸையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. முடிவு முன்கூட்டியே தெரிந்த கதைகள் வரத் தொடங்கின. துணிந்து எழுதிய பதிப்பகங்கள் சுருண்டன. பல ஆண்டுகள் கழித்து வெர்தாமின் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டபோது, அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களை மாற்றியும் கலந்தும் தன் வாதத்துக்கு வளைத்திருக்கிறார் என்பதை, கரோல் டில்லி என்ற நூலகவியல் ஆய்வாளர் 2012இல் எடுத்துக்காட்டினார். அதற்குள் அந்த விதித்தொகுப்பும் செத்துவிட்டது. கடைசியாக அதைப் பிடித்துக்கொண்டிருந்த பதிப்பகங்களும் 2011இல் கைவிட்டன. அவர்கள் கைவிட்ட விதியை, இத்தனை ஆண்டுகள் கழித்து, இங்கே எங்கள் பிள்ளைகள் தலையில் வைக்கிறீர்கள்.

உங்கள் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். குண்டர் கும்பல். பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சொல் வந்ததும் அறையே அமைதியானது. நம் பட்டணத்தில் அதற்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அந்தத் தாய்மார் சிலர் என் வகுப்புக்குத் தங்கள் இளைய பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அதனால் இதை மேம்போக்காகப் பேச எனக்கு உரிமையில்லை.

கும்பலில் சேரும் பையன் தன்னை வில்லன் என்று நினைத்துச் சேர்வதில்லை. அவனுக்கு அங்கே கிடைப்பது ஹீரோ வேஷம். ஒரு பெயர் கொடுக்கிறார்கள். ஓர் எண், ஒரு சின்னம், கூட நிற்கப் பத்துப் பேர், தட்டிக் கேட்க ஓர் எதிரி. 'நம் ஆள் நல்லவன், அந்தப் பக்கத்தான் கெட்டவன்' என்று கோடு கிழித்துக் கொடுத்த கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த வேஷம் சரியாகப் பொருந்திவிடும். முகமூடிக்குள் யார் இருக்கிறார், யார் சொல்லிக் கொடுத்து இவன் அடிக்கிறான், இந்தச் சண்டையில் யாருக்கு லாபம் என்று கேட்கப் பழகிய பிள்ளை சட்டென்று மாட்ட மாட்டான் என்பது என் நம்பிக்கை. அதைப் பழக்கும் இடம் இந்தக் கதைகள்.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். வில்லன் கோபுர உச்சியில் நின்று சிரிக்கும் ஒரு கட்டத்தைக் காட்டுவேன். "இதற்கு முந்தைய கட்டத்தை வரையுங்கள்" என்பேன். முதலில் குண்டு வைப்பதை வரைவார்கள். "அதற்கும் முந்தையதை" என்பேன். கொஞ்சம் யோசிப்பார்கள். பின்னோக்கிப் போகப் போக வில்லன் சின்னவனாகிக்கொண்டே வருவான். ஒரு பையன் கடைசியாக வரைந்தது, வகுப்பறைக்கு வெளியே தனியாக நிறுத்தப்பட்ட ஒரு சிறுவனை. சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. கையில் கட்டணம் கட்டாத சீட்டு. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தக் கட்டத்துல யாராச்சும் வந்தா கதையே மாறிடும்ல?" என்று கேட்டான். குண்டர் கும்பலைப் பற்றி மண்டபத்தில் நடந்த விழிப்புணர்வு உரைகள் பலவற்றுக்கு நானும் வந்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு நிகரானதை அங்கே நான் கேட்டதில்லை.

கோயில் மண்டபத்தில் கம்பராமாயணச் சொற்பொழிவு நடக்கும்போது, கும்பகருணன் கட்டத்தில் எத்தனை கண்கள் கலங்குகின்றன என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அண்ணன் செய்தது தவறு என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே சாகப் போகிறான். அவனுக்காக அழுதவர்கள் யாரும் சீதையைச் சிறைவைத்தது சரி என்று வீட்டுக்குப் போகவில்லை. கம்பனிடம் பெரியவர்களுக்கு நீங்கள் வைக்கும் நம்பிக்கையை, காமிக்ஸ் கட்டங்களில் பிள்ளைகளிடமும் வையுங்கள்.

மோசமான காமிக்ஸ் இருக்கிறது. இரத்தத்தையும் ஆபாசத்தையும் விற்கும் இதழ்களை என் அலமாரியில் நானே வைப்பதில்லை. எந்தப் புத்தகம் எந்த வயதுக்கு என்று உட்கார்ந்து பேச நான் எப்போதும் தயார். ஒரு வகையையே முழுதாக விலக்குவது வேறு. திருப்பி அனுப்பப்பட்ட அன்று குலைவேந்தனை எழுதிய பிள்ளை என்னிடம், "அடுத்த வருசம் பேனா கதையே எழுதிடவா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் எனக்கு வேண்டும். அதை உங்களிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். இந்தத் தடை விதியை இவ்வாண்டுப் போட்டியிலேயே நீக்குங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். திருப்பி அனுப்பிய கதைகளை மறுபடி ஏற்று, மற்றக் கதைகளோடு சேர்த்து, மொழி, கற்பனை, கட்டுக்கோப்பு ஆகியவற்றை மட்டும் பார்த்து மதிப்பிடுங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள். நடுவர் குழுவில், படக்கதையைக் கட்டம் கட்டமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது சேருங்கள். அப்படிப்பட்டவர்கள் நம் பட்டணத்துத் தமிழாசிரியர்களிலேயே இருக்கிறார்கள், பெயர்களைத் தருகிறேன். மேலட்டைகளில் சிவப்பு மையால் எழுதிய அந்தச் சொல்லுக்காகப் பிள்ளைகளுக்குக் குழுவின் சார்பில் ஒரு கடிதம் எழுதுங்கள். என் பெயருக்கு வேண்டாம், அவரவர் பெயருக்கு. முடிவு எதுவானாலும், பரிசளிப்பு விழாவுக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள்.

அலமாரிச் சாவியை மண்டபக் காவலரிடம் கொடுத்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் அது திறந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வகுப்பின் ஆசிரியை